மாமனாருக்கு அளவெடுக்கலாமா?

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் உக்கிரபாண்டியை மிளகாய் மூட்டையோடு இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். மனுஷர் சும்மா இருப்பாரா? நேரே மகன் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தார். மூட்டையைக் கூடத்தில் போட்டார். ஒரு செம்பு மோரை ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"ஏலே பூமி, நாளைக்கு வார பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு உம்பொண்டாட்டி வேலையை நிரந்தரம்னு எழுதிக் குடுத்தா அவ இங்கன இருக்கட்டும். இல்லேன்னா சாயங்கால பஸ்ஸில என்கூட முதுகுளத்தூருக்கு வந்துரணும். மிளகா பறிக்க ஆளில்ல. உங்காத்தா ஒத்தையில கிடந்து மாயிறா."

பூமிநாதன் தலையை ஆட்டினான். அப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவன். அதோடு அந்த நிபந்தனை அவனுக்கு நியாயமாகவும் பட்டது. நிபந்தனை என்று எதைச் சொன்னாலும் அவனுக்கு நியாயமாகத்தான் படும்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தொழிற்பயிற்சிப் பள்ளியில் வேலை. பூமிநாதன் தச்சு வாத்தியார், நிரந்தரமானவன். சண்முகவள்ளி பெண்கள் பகுதிக்குத் தையல் டீச்சர், தற்காலிகம். ஒரே கூரை, ஒரே சாப்பாடு. ஆனால் இரண்டு பேருடைய மூளையும் இரண்டு திசையில் ஓடும்.

பூமிநாதன் எதையும் எழுதாமல் செய்யமாட்டான். ஓர் ஆணி அடிப்பதென்றால் சுவரின் உயரம், ஆணியின் நீளம், அதில் மாட்டப்போகும் பையின் எடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் சுத்தியலைத் தொடுவான். சண்முகவள்ளியோ துணியை விரிப்பாள், ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாள், வெட்டிவிடுவாள். எப்படி வெட்டினாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மானாமதுரையிலிருந்து ஒரு வாசகி, 'பூமிநாதன் சிரிப்பதற்கும் குறிப்பு எழுதி வைத்திருப்பாரா?' என்று கேட்டிருக்கிறார். அம்மணி, அவன் சிரித்ததை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் விடிந்தது.

"இந்தா வள்ளி" என்று பூமிநாதன் ஒரு நோட்டை நீட்டினான். "மாதிரிப் பாடத்துக்குக் குறிப்பு. பதினாலு பக்கம். எழுத்துல குறிப்பு இல்லேன்னா நிரந்தரம் கிடையாதாம். இன்னைக்கு ஒரு நாளைக்கு இதுல உள்ளபடி செய்யி."

அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள். 'துணி என்பது யாது?' என்று தலைப்புப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான். 'தடிப்புக் குறைந்ததும், எளிதில் வளையக்கூடியதும், நூலால் ஆனதுமான பலகையே துணி எனப்படும்.'

"பலகையா?"

"புரியறதுக்காகப் போட்டேன்."

"ஏங்க, நம்ம பொம்பளைகளுக்குத் துணின்னா என்னன்னு தெரியாதாக்கும்?"

"தெரியும். ஆனா ஆரம்பத்துலருந்து ஆரம்பிக்கணும்ல? சட்டை போடப்போற ஆளு நம்ம வாட்ச்மேன் ராக்கப்பன். அவரை நேத்தே நிக்க வச்சு அளந்து நாலாம் பக்கத்துல எழுதிட்டேன். நீ படிச்சுக்கிட்டே போனாப் போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் சேலைகளையும் சேர்த்துக் கட்டட்டுமா என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊர், இந்த வேலை, இந்தக் குறிப்பு எழுதும் மனுஷன் எல்லாம் அவளுக்கு வேண்டும். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சேதுராமன் வந்தார். நல்ல மனுஷர். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தலைப்பு, 'ஆசிரியர் சிந்திக்கும் முறை.' கீழே இரண்டே கட்டங்கள். பகுதியிலிருந்து முழுமைக்குப் போகிறவர் ஒரு கட்டம். முழுமையிலிருந்து பகுதிக்கு வருகிறவர் மற்றொரு கட்டம். உலகத்து வாத்தியார்கள் அத்தனை பேரையும் இந்த இரண்டு கட்டத்துக்குள் அடைத்துவிடலாம் என்பது அவருடைய புதிய நம்பிக்கை.

முதலில் தச்சுப் பட்டறைக்குப் போனார். சுவர் முழுக்க நாற்காலிப் படங்கள். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து தோற்றம், கீழே படுத்துப் பார்த்தால் தெரியும் தோற்றம். எட்டுப் பையன்களும் மூலைமட்டத்தைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார்கள்.

"பிரமாதம்! நாற்காலி எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடுத்த மாசம் மூணாவது வாரத்துல ஆரம்பிக்கிறோம் சார்" என்றான் பூமிநாதன்.

"நான் உட்கார்வதற்குக் கேட்டேன்."

பட்டறையில் உட்கார ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் அடுக்கி வைத்திருந்த பலகைமேல் உட்கார்ந்து, 'பகுதியிலிருந்து முழுமைக்கு' என்ற கட்டத்தில் சந்தேகமே இல்லாமல் ஒரு குறி போட்டார்.

பிறகு பூமிநாதன் பின்தொடரப் பெண்கள் பகுதிக்கு வந்தார். பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் முதல் இடி விழுந்தது. வாட்ச்மேன் ராக்கப்பனைக் காணவில்லை. காலையிலேயே வேண்டுதலென்று திருப்புல்லாணிக்குப் போய்விட்டாராம்.

"பரவாயில்லை, யாராவது ஓர் ஆள் போதுமே" என்று சுற்றிலும் பார்த்த இன்ஸ்பெக்டரின் கண் வராந்தாவில் நின்றது. அங்கே மேல்துண்டோடு, வெற்றுடம்பாக, மருமகள் வேலை என்ன ஆகிறது என்று பார்க்க வந்து, பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் உக்கிரபாண்டி. "அந்தப் பெரியவரைக் கூப்பிடுங்கள். அவருக்கே ஒரு சட்டை தைப்போம்."

பாயிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்தினார்கள்.

உக்கிரபாண்டி வந்து நின்றார். அறுபது வயதுவரை சட்டை என்று ஒன்று அவர் உடம்பில் பட்டதில்லை. "சர்க்கார் கேட்டா நிக்கத்தான வேணும்" என்று முணுமுணுத்தார்.

"ம், அளவெடுங்கள் அம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சண்முகவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

"என்ன ஆயிற்று?"

பாயிலிருந்து கீழக்கரைப் பெண் ஜுனைதாதான் பதில் சொன்னாள். "அவுக டீச்சரம்மாவோட மாமனாரு சார். மாமனாரை எப்படித் தொட்டு அளவெடுப்பாக?"

மாமனார் எதிரே நின்று பேசவே மாட்டாள் மருமகள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மார்பைச் சுற்றி நாடா போடுவதாவது! இன்ஸ்பெக்டருடைய படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

"நான் அளக்குறேன் சார்" என்று முன்னால் வந்தான் பூமிநாதன். மேஜைமேல் கிடந்த நாடாவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "நாடாவை இழுத்தா நீளும். நம்ப முடியாது." பட்டறைக்கு ஓடி மர அடிக்கோலையும் இரண்டு மூலைமட்டங்களையும் கொண்டுவந்தான்.

அப்பாவின் மார்பின் குறுக்கே கோலை வைத்தான். "அகலம் பதினாலு." பக்கவாட்டில் வந்து, முன்னும் பின்னும் மூலைமட்டங்களை வைத்து நெருக்கினான். "கனம் எட்டு."

"ஏலே, என்ன பண்ற? ஒரு மனுசனுக்கு ஏதுலே கனம்?" என்றார் உக்கிரபாண்டி.

"அசையாதீக அய்யா. அகலமும் கனமும் இருபத்திரெண்டு. ரெண்டால பெருக்கினா சுத்தளவு நாப்பத்திநாலு." குறிப்பு நோட்டின் நாலாம் பக்கத்தில் ராக்கப்பனை அடித்துவிட்டு, அப்பாவை எழுதினான்.

"மாமாவைப் பெட்டியாவுல்ல அளந்துட்டாக!" என்றாள் ஜுனைதா. பன்னிரண்டு பெண்களும் குலுங்கிச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் படிவத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சண்முகவள்ளி சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, கணவன் முகத்தைப் பார்த்து, தண்டனை அனுபவிக்கிறவள் குரலில் வாசிக்க ஆரம்பித்தாள். பலகை, வளைவு, நூல் எல்லாம் தாண்டி ஆறாம் பக்கம் வந்தாள். துணியில் கோடு போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'கோட்டின்மேலேயே வெட்டுக. கோட்டை விட்டு மயிரிழையும் விலகற்க.'

அவள் கை நின்றது.

தச்சனுக்குக் கோடுதான் எல்லாம். கோடு எங்கேயோ வாள் அங்கே. தையலிலோ கோட்டுக்கு வெளியே தைத்து மடிக்கத் துணி விட்டுத்தான் வெட்டவேண்டும். பதினாலு பக்கம் எழுதிய மனுஷன் அந்த ஒரு விரல் துணியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

"டீச்சரம்மா, தையலுக்குத் துணி விடலையே?" என்றாள் ஜுனைதா, வஞ்சகமில்லாமல்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். "தையல் டீச்சருக்குத் தையலுக்குத் துணி விடவேண்டும் என்று தெரியாதா? இந்தக் குறிப்பை எழுதியது யார்?"

பூமிநாதனுக்கு வியர்த்துவிட்டது. நான்தான் என்று சொன்னால் மனைவி தானாகக் குறிப்பு எழுதவில்லை என்று ஆகிவிடும், வேலை போய்விடும். அவள்தான் என்று சொன்னால் அவளுக்குத் தொழிலே தெரியாது என்று ஆகிவிடும், அப்போதும் வேலை போய்விடும். இரண்டையும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க அவனிடம் காகிதமும் இல்லை.

"எழுதினது அவுகதான் சார்" என்றாள் சண்முகவள்ளி. "எனக்காகப் பாடுபட்டு எழுதினாக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனா எழுதிவச்சுக்கிட்டு வெட்டத் தெரியாது. என்னைய என் போக்குல ஒரு சட்டை வெட்ட விடுங்க. பிடிக்கலேன்னா நான் ஊருக்குப் போயிறேன்."

வராந்தாப் பக்கம் திரும்பி நின்ற உக்கிரபாண்டி கனைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து, "நடத்துங்கள்" என்றார்.

அவள் மாமனாருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்கடி. மாமா உங்க வீட்டு ஆம்பளைகள்ல யாரு மாதிரி இருக்காக?"

"எங்க காக்கா மாதிரி" என்றாள் ஜுனைதா, தன் அண்ணனை நினைத்து. "ஆனா தோளு இன்னும் நாலு விரக்கடை கூட."

"வயிறு?"

"வயிறே இல்ல டீச்சரம்மா" என்றாள் மற்றொருத்தி. "எங்க சித்தப்பா கணக்கா ஒட்டிக் கிடக்கு."

"அப்ப உங்க காக்கா சட்டையை நினைச்சுக்க. தோளைத் தள்ளு. வயித்தைச் சுருக்கு. முழுச்சட்டையும் கண்ணுல வந்துருச்சா? வராம கத்தரியைத் தொடாதீக." அவள் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக இழுத்தாள். "இன்னொண்ணு இருக்கு. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இடது தோளு ஒரு விரக்கடை இறக்கம். ரெண்டு தோளையும் ஒண்ணா வெட்டினா கழுத்து இழுக்கும்."

உக்கிரபாண்டி தன் இடது தோளைத் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் மிளகாய் மூட்டை சுமந்த தோள். அது இறங்கியிருப்பது பெற்ற மகனுக்குத் தெரியாது, கட்டிய மனைவிக்குத் தெரியாது, இன்றுவரை அவருக்கே தெரியாது.

"அது எப்படி அம்மா தெரிந்தது? நீங்கள் பார்க்கவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்யாணமான முதல் வருசம் பூராம் வரப்புல அவுக பின்னாடிதான சார் நடந்தேன்? மூஞ்சி தெரியாது எனக்கு. முதுகு நல்லாத் தெரியும்." கத்தரிக்கோல் துணியில் ஓடியது. "இந்தப் பொம்பளைக படிச்சிட்டு அவங்கவங்க ஊருக்குத்தான் போவாக. அங்கன எந்த ஆம்பளை மேல நாடாவைப் போட முடியும்? ஒண்ணு மாமனாரா இருப்பாக, இல்ல கொழுந்தனா இருப்பாக. தூர நின்னு பாத்துத்தான் வெட்டியாகணும். நான் அதைத்தான் சார் சொல்லிக் குடுக்குறேன்."

இன்ஸ்பெக்டர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் வேகவேகமாக எழுத ஆரம்பித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டை தயாரானது. ஜுனைதா காஜா எடுத்து முடித்ததும் பூமிநாதன்தான் அப்பாவுக்குப் போட்டுவிட்டான். உக்கிரபாண்டி கையைத் தூக்கினார், இறக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஜன்னல் கண்ணாடி முன்னால் போய் நின்று கழுத்தைத் திருப்பினார். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை.

"ஏலே, பொத்தான் சரியில்லன்னு உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லு" என்றார் மகனிடம். பொத்தானும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சட்டையைக் கழற்றாமலே போய் உட்கார்ந்துகொண்டார்.

பூமிநாதன் மட்டும் அடங்கவில்லை. அப்பா உட்கார்ந்திருக்கும்போதே நாடாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஓடினான்.

"சார், அய்யாவுக்கு உள்ளபடி முப்பத்தாறு. காத்துப்போக நாலு. தையலுக்கு நாலு. மொத்தம் நாப்பத்திநாலு! நான் பெட்டியா அளந்ததும் தப்பு, துணி விடாததும் தப்பு. ஆனா ரெண்டு தப்பையும் சேத்தா என் குறிப்புப்படியே சரியா வந்திருக்கும் சார்!"

"வந்திருக்கும். ஆனால் தோள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பூமிநாதன் யோசித்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். மானாமதுரை வாசகி அவர்கள் கவனிக்க வேண்டும், அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

தலைமையாசிரியர் அறையில் இன்ஸ்பெக்டர் தாள்களை நீட்டினார். "குறிப்பு இல்லாமல் நிரந்தரம் செய்ய விதி இல்லை. உங்கள் பாடத்துக்கு நானே குறிப்பு எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்கள். எந்தக் கட்டம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை, அதைச் சென்னைக்கு எழுதிக் கேட்கிறேன். உங்கள் வேலை நிரந்தரம் அம்மா."

சண்முகவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசலில் நின்ற உக்கிரபாண்டி, தோற்றவர் போலத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒரு விஷயம். இந்த மாதிரி சொல்லிக்கொடுக்கிறவர் டவுனில் இருந்து பிரயோசனமில்லை. திங்கட்கிழமை புதிதாக ஒரு மகளிர் தையல் நிலையம் திறக்கிறோம். அங்கேதான் உங்களைப் போட்டிருக்கிறேன். முதுகுளத்தூர்."

முதலில் சிரித்தது உக்கிரபாண்டிதான். வாய்விட்டுச் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றது.

"எங்க ஊர்லயா? அங்கன டீக்கடை வாசல்ல இருக்கறவன் பூராம் எனக்குப் பங்காளி, மாமன், மச்சான். அவங்கெ முன்னாடி எம்மருமக வேலைக்கு நடந்து போறதா?"

"அய்யா, நீங்கதான அவளை ஊருக்குக் கூப்பிட்டீக?" என்றான் பூமிநாதன்.

"மிளகா பறிக்கக் கூப்பிட்டேன்லே! டீச்சர் வேலைக்கா கூப்பிட்டேன்? இங்கனயே இருக்கச் சொல்லு. என் வீட்டு வாசப்படியிலருந்து ஒருத்தி சம்பளத்துக்கு இறங்கிப் போகமாட்டா. சொல்லிட்டேன்." புதுச்சட்டை சரசரக்க வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"நான் நாலு மணிக்குக் கிளம்பவேண்டும். சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட்டால் நல்லது. நிரந்தரம் அந்த இடத்துக்குத்தான். இல்லையென்றால் வேறு ஆள் போடவேண்டியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவசரப்படாத வள்ளி" என்று பூமிநாதன் மேஜையிலிருந்து ஒரு தாளை இழுத்தான். "நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் எழுதிப் பாப்போம்." நடுவில் கோடு போட அடிக்கோலைத் தேடினான். கோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் போனபிறகு இருவரும் காலியான தையல் வகுப்பில் நின்றார்கள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே நீ" என்றான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

பொய் சொல்ல அவனுக்கு வராது. "போகாதன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போகாதன்னு சொன்னா நான் போகமாட்டேன். எனக்கு அது தெரியும். ஆனா இந்த வேலை எனக்கு வேணும்ங்க. நீங்களும் வேணும். ரெண்டும் ஒரே ஊர்ல கிடைக்கலேன்னா நான் என்ன செய்ய?"

பூமிநாதன் குனிந்தான். தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்கி, பெரிது சிறிதாக அடுக்கினான். அவனுக்கு வருத்தம் வந்தால் எதையாவது அடுக்குவான்.

"சரி, போ" என்றான் கடைசியில். "சனி ஞாயிறு நான் பஸ்ஸேறி வாரேன். ஆனா ஒண்ணு சொல்லு வள்ளி. டவுன் வீடு இங்கன இருக்கு. ஊர் வீட்டு வாசப்படியை அய்யா மூடிட்டாரு. திங்கக்கிழமை ராத்திரி நீ எங்க படுப்ப?"

சண்முகவள்ளி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை வகுப்பு, வரப்போகும் பெண்கள், வெட்டப்போகும் சட்டைகள் எல்லாம் அவள் கண்ணில் அப்படியே தெரிந்தன. இது மட்டும் தெரியவே இல்லை.

"அய்யய்யோ" என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள்.